கொம்புக்குள் மருந்து, மடிக்குள் கேப்பு

போன வாரம் ஒரு சாயங்காலம், மழை விட்ட நேரம். திண்ணையில உட்கார்ந்து விதை மல்லாட்டையை (பட்டணத்துல வேர்க்கடலைன்னு சொல்றீங்களே, அதுதான்) உடைச்சுக்கிட்டு இருந்தோம். பையன் மட்டும் செல்போன்ல ஏதோ பழைய கௌபாய் படம் பார்த்துக்கிட்டு இருந்தான். திடீர்னு கேட்டான்:

"அப்பா, ஆறு குண்டும் தீர்ந்துபோச்சுன்னா அவன் இன்னா பண்ணுவான்?"

நல்ல கேள்வி. சினிமாவுல அதைக் காட்டவே மாட்டாங்க. ஹீரோ சுட்டுக்கிட்டே இருப்பான். மருந்தை எங்க வெச்சிருந்தான், மழையில அதை எப்படிக் காப்பாத்தினான், திரும்ப எப்ப கெட்டிச்சான்னு யாரும் சொல்றதில்ல. ஆனா எனக்குத் தெரியும். எங்க தாத்தாகிட்ட வாய்வழியா மருந்து கெட்டிக்கிற ஒத்தைக்குழல் துப்பாக்கி ஒண்ணு இருந்தது. லைசென்ஸ் உள்ளதுதான். மல்லாட்டைக் கொல்லையில பன்னி விரட்ட வாங்கினது.

அவர் வெளியே கிளம்புறப்ப துப்பாக்கியைவிட மத்த சாமான்களைத்தான் ரொம்ப நேரம் சரிபார்ப்பார். மாட்டுக் கொம்பைக் குடைஞ்சு, அடியில கட்டை அடிச்சு, நுனியில தக்கை வெச்ச குப்பி ஒண்ணு. அதுக்குள்ள கரிமருந்து. அது இடது தோள்ல தொங்கும். பாட்டியோட பழைய வெத்தலை சுருக்குப்பையில ஈய ரவை. அது வலது பக்கம். சுத்தியல் அடிச்சதும் பொறி கிளப்புற சின்னச் செப்புக் கேப்புகள் ஒரு மூக்குப்பொடி டப்பாவுல, வேட்டி மடியில. இந்த மூணும் ஒரே பையில போகாது. பீடியும் தீப்பெட்டியும் வீட்டுலேயே இருக்கும். ராத்திரி முழுக்கக் கொல்லையில கிடப்பார், ஒரு பீடி பிடிக்கமாட்டார். பீடி இல்லாம அவர் இருந்த நேரம் அது ஒண்ணுதான்.

தமிழ்ல இந்த 'மருந்து'ங்கற வார்த்தையைக் கவனிச்சிருக்கீங்களா? காய்ச்சலுக்குக் குடிக்கிறதும் மருந்து, பயிருக்கு அடிக்கிறதும் மருந்து, துப்பாக்கியில கெட்டிக்கிறதும் மருந்து. மூணையும் எங்க வைக்கிறது, யார் கைக்கு எட்டாம வைக்கிறதுன்னு தெரிஞ்சவன்தான் வீட்டுல வெச்சுக்கலாம். எங்க செங்கல்பட்டுச் சீமையோட ஒரு பகுதி சரித்திரமே இந்த ஒரு விஷயத்துல அடங்கிடும். மருந்தை யார் சுமந்தாங்க, எப்படிச் சுமந்தாங்க, சுமக்கத் தெரியாதப்ப என்ன ஆச்சு. இன்னைக்கு அதைத்தான் எழுதலாம்னு இருக்கேன்.

முதல்ல பையன் கேள்விக்குப் பதில். ரிவால்வருக்கு அமெரிக்காவுல சாமுவேல் கோல்ட் காப்புரிமை வாங்கினது 1836-ல. அப்போ இன்னைக்கு இருக்கிற மாதிரி பித்தளைத் தோட்டா கிடையாது. சுழல்ற உருளையில ஆறு குழி. ஒவ்வொரு குழியிலயும் குப்பியிலேர்ந்து அளவு பார்த்து மருந்து கொட்டணும், மேல ஈயக் குண்டை வெச்சு நெம்புகோலால அழுத்தணும், பின்பக்கம் ஆறு கேப்பு மாட்டணும். அதுக்கு மேல குழி வாயில கொழுப்பு தடவுறவங்களும் உண்டு. ஒரு குழி வெடிக்கிறப்ப பொறி தாவி மத்த குழிகளும் சேர்ந்து வெடிச்சு, சுடறவன் கையையே கொண்டுபோன கதைகள் இருக்கு. இதையெல்லாம் குதிரை மேல, காத்துல, தூறல்ல செய்யணும். அதனால விவரமானவன் திரும்பக் கெட்டிக்கவே மாட்டான், முன்னாடியே கெட்டிச்ச இன்னொரு துப்பாக்கியை இடுப்புல வெச்சிருப்பான். கோல்ட் 1853-ல லண்டன்லயே ஒரு தொழிற்சாலை திறந்தார். 1857 கலகத்தின்போது வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் இடுப்புல இந்த மாதிரி ரிவால்வர்தான் இருந்தது.

"அப்ப சுட்டுட்டு ஓடவேண்டியதுதானா?"ன்னான் பையன். கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஆனா நம்ம ஊர்ப் பக்கம் மருந்தோட ஆட்டம் நடந்தது ரிவால்வருக்கு ரொம்ப முன்னாடியே. கிழக்குக் கடற்கரைச் சாலையில மாமல்லபுரம் போறவங்க கோவளத்தைத் தாண்டித்தான் போறீங்க. அங்க கடலோரம் ஒரு கோட்டை இருந்தது. ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் காலத்துல கட்டினது. அப்புறம் பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போனது. 1752 செப்டம்பர்ல அதைப் பிடிக்க ராபர்ட் கிளைவ் வந்தான். அவன்கிட்ட இருந்தது சுமார் 200 புது ஐரோப்பிய ஆட்களும் 500 சிப்பாய்களும். பலர் துப்பாக்கிச் சத்தமே கேக்காத பசங்க. கோட்டையிலேர்ந்து வந்த ஒரு குண்டுல ஒருத்தன் செத்ததும் மிச்சப் பேர் திரும்பி ஓடினாங்களாம். இன்னொரு நாள் பீரங்கிச் சத்தம் கேட்டு ஓடின காவல்காரன் ஒருத்தன் ரொம்ப நேரம் கழிச்சு ஒரு கிணத்துக்குள்ள கிடைச்சானாம். கிளைவைப் பத்தின கட்டுரையில மெக்காலே இதை எழுதியிருக்கார். படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். நானா இருந்தாலும் நம்ம கிணத்தைத்தான் தேடியிருப்பேன்.

அப்படிப்பட்ட ஆட்களை வெச்சே கோவளத்தைப் பிடிச்சான். கையோட செங்கல்பட்டுக் கோட்டையும் விழுந்தது. அஞ்சு வருஷம் கழிச்சு, 1757 ஜூன் 23, வங்காளத்துல பிளாசி. நடுப்பகல்ல பெருமழை. கிளைவின் ஆட்கள் மருந்து மேல தார்ப்பாயை இழுத்து மூடிட்டாங்க. நவாப் சிராஜ் உத் தௌலாவின் ஆட்கள் மூடலை, அவங்க மருந்து நனைஞ்சுபோச்சு. எதிரியோட மருந்தும் நனைஞ்சிருக்கும்னு நினைச்சு நவாப்பின் குதிரைப்படை பாய்ஞ்சப்ப இந்தப் பக்கம் பீரங்கி முழங்கிச்சு. உள்ளே இருந்தவங்க செய்த துரோகமும் அந்தத் தோல்விக்குக் காரணம். ஆனா களத்துல காய வெச்ச நெல்லை மழை வர்றதுக்கு முன்னாடி மூடினவனுக்கும் மூடாதவனுக்கும் என்ன வித்தியாசம்னு விவசாயிக்குச் சொல்லவேண்டியதில்ல.

அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கிக்கு மருந்தையும் குண்டையும் காகிதத்துல சுருட்டி வெச்சிருப்பாங்க. அதுக்குத்தான் 'தோட்டா'ன்னு பேர். சிப்பாய் அதைப் பல்லால கடிச்சுக் கிழிச்சு, கொஞ்சம் மருந்தைப் பக்கத்துக் கிண்ணியில போட்டு, மிச்சத்தைக் குழலுக்குள்ள கொட்டி, கம்பியால திணிச்சு, சக்கிமுக்கிக் கல்லால பொறி எழுப்பிச் சுடணும். நல்ல பயிற்சி உள்ளவன் நிமிஷத்துக்கு மூணு தடவை சுடுவான். இடுப்புத் தோல்பையில இருக்கிற தோட்டா தீர்ந்ததும் பின்னாடி வர்ற வண்டியைத்தான் பார்க்கணும். படை எவ்வளவு பெருசோ அவ்வளவு மருந்து வண்டி. அதுக்கு அவ்வளவு மாடு, மாட்டுக்கு வைக்கோல், வண்டிக்கு ஆள். சண்டை போடறவனைவிட சுமக்கிறவன் ஜாஸ்தி.

இதோட முழு அர்த்தம் புரியணும்னா புள்ளலூர் போகணும். காஞ்சிபுரத்துக்கு வடக்கே, சுமார் 15 கிலோமீட்டர். இன்னைக்குக் காஞ்சிபுரம் மாவட்டம். ஆனா 1997 வரைக்கும் காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு எல்லாம் ஒரே செங்கல்பட்டு ஜில்லாதான். புள்ளலூர் மண்ணுக்குச் சண்டை புதுசில்ல. மாமல்லபுரத்துக்குப் பேர் குடுத்த மாமல்லனோட அப்பா மகேந்திரவர்மன் அங்க எதிரிகளை முறியடிச்சதா காசாக்குடிச் செப்பேடு சொல்லுது. இங்கிலீஷ் புஸ்தகங்கள்ல இந்த ஊர் 'பொள்ளிலூர்'.

1780. ஹைதர் அலி 80,000 பேருக்கு மேல் படையோட கர்நாடகச் சமவெளியில இறங்கினார். சென்னையைச் சுத்தி ஊர் ஊரா எரிஞ்சது. கம்பெனிப் படைக்குத் தலைவர் ஹெக்டர் மன்றோ, காஞ்சிபுரத்துக்கு வந்தார். அவரோட சேர்றதுக்காக வடக்கே குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி ஒரு படையோட வந்துக்கிட்டு இருந்தார். ஆகஸ்ட் 25, ஆவணி மாசம். கொசஸ்தலை ஆற்றங்கரை. ஆத்துல தண்ணி அதிகம் இல்ல, நடந்தே தாண்டலாம். பெய்லி, காலையில பார்த்துக்கலாம்னு வடகரையிலேயே கூடாரம் போட்டார். அன்னிக்கி ராத்திரி மழை. விடிஞ்சப்ப ஆறு கரை புரண்டு ஓடுது. செப்டம்பர் முதல் வாரம் வரைக்கும் தாண்ட முடியலை.

ஆவணி மழையைப் பத்தி எங்க பக்கத்துக் கிழவி யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்க. பகல் முழுக்க வெயில் காயும், ராத்திரி கொட்டித் தீர்த்துடும்.

அந்தத் தாமதத்துல ஹைதரோட மகன் திப்பு வந்து சேர்ந்துட்டார். செப்டம்பர் 6, பேரம்பாக்கத்துல தாக்குதல். பெய்லி தாக்குப்பிடிச்சார், ஆனா மருந்தும் அரிசியும் கரைஞ்சுபோச்சு. தன்னால வர முடியாது, நீங்க வாங்கன்னு மன்றோவுக்கு எழுதினார். மன்றோ நகரலை. ஏன்னா அவரோட அரிசியும் கனமான பீரங்கியும் காஞ்சிபுரத்துல கிடக்கு. அதை விட்டுட்டுப் போனா ஹைதர் எடுத்துக்குவார்னு பயம். கர்னல் ஃபிளெட்சர் தலைமையில சுமார் 1,000 பேரை மட்டும் ராத்திரியோட ராத்திரியா அனுப்பினார். வழிகாட்டிகள் மேல ஃபிளெட்சருக்குச் சந்தேகம். அவங்க சொன்ன பாதையை விட்டு வேற பாதையில சுத்திப் போய் 9-ம் தேதி பெய்லியோட சேர்ந்தார். அந்த அளவுக்கு ஹைதரோட ஒற்றர் வேலை இருந்தது.

அன்னிக்கி ராத்திரியே கிளம்பினாங்க. பாதி வழியில பெய்லி திரும்பவும் நிறுத்தினார், விடியட்டும்னு. விடிஞ்சது. செப்டம்பர் 10. புள்ளலூர்ல நாலா பக்கமும் பீரங்கி. மூவாயிரத்துச் சொச்சம் பேர் சதுரமா அணிவகுத்து நின்னாங்க. மருந்து வண்டிகள் நடுவுல. காயம்பட்டவங்க, மாட்டுக்காரங்க, கூலியாட்கள் எல்லாரும் அதைச் சுத்தி.

அந்த வண்டிகள் வெடிச்சது.

மைசூர் ராக்கெட் விழுந்துச்சுன்னு சிலர் எழுதறாங்க, பீரங்கிக் குண்டுன்னு சிலர். எதுவா இருந்தாலும் அதுக்கப்புறம் சண்டை இல்ல. பீரங்கி இருக்கு, போட மருந்தில்ல. சதுரம் கலைஞ்சது. ஃபிளெட்சர் செத்தார். பெய்லி கைகுட்டையைக் காட்டிச் சரணடைஞ்சார். சுமார் 200 ஐரோப்பியர்கள் கைதாகி ஸ்ரீரங்கப்பட்டணம் போனாங்க. பெய்லி 1782-ல அங்கேயே, சிறையிலேயே செத்தார். அதே சிறையில இருந்து 1784-ல உயிரோட திரும்பின டேவிட் பெயர்டுதான் 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையை ஏறிப் பிடிச்சவர். அங்க தரியா தௌலத் மாளிகைச் சுவத்துல இந்தச் சண்டையைப் பெரிய ஓவியமா வரைஞ்சு வெச்சிருக்காங்க. பல்லக்குல பெய்லி, சுத்தி சதுரமா படை, நடுவுல மருந்து வண்டி வெடிக்கிறது. மைசூர்ப் பக்கம் டூர் போறவங்க அடுத்த தடவை அந்த வண்டியைத் தேடிப் பாருங்க.

மன்றோவுக்குச் சத்தமும் கேட்டது, புகையும் தெரிஞ்சது. போய்ச் சேரலை. காஞ்சிபுரத்துக்குத் திரும்பினார். எந்தப் பீரங்கிக்காக நகராம இருந்தாரோ அதையே கொண்டுபோய்க் குளத்துல தள்ளிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். செங்கல்பட்டுக் கோட்டையில அரிசி இருக்கும்னு நம்பி வந்தா, அங்கயும் இல்ல. பட்டினியோட சென்னைக்குப் போனாங்க. ரயில்ல செங்கல்பட்டு தாண்டறப்ப கொளவாய் ஏரி ஓரமா மண்டிக்கிடக்கிற மேடும் இடிபாடும் அந்தக் கோட்டைதான். தண்டவாளமே கோட்டைக்குள்ள பூந்துதான் போகுது. அடுத்த வருஷம், 1781 ஆகஸ்ட் 27, அயர் கூட் அதே புள்ளலூர்ல ஹைதரோட மோதினார். அதுல செத்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஊருக்குள்ள இரண்டு நினைவுத்தூண் நிக்குது.

நான் ஒரு தடவை டிவிஎஸ்ஸை எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்தேன். சுத்தி நெல்லு. தூண்ல இங்கிலீஷ்ல பேர் வெட்டியிருக்கு. முதல் சண்டையில வண்டியோட சேர்ந்து சிதறின மாட்டுக்காரன், மருந்துப் பீப்பாயைத் தூக்கிவிட்ட கூலியாள், அவங்க பேர் எங்கயும் இல்ல. கம்பெனிப் படையில மூணுல இரண்டு பங்குக்கு மேல நம்ம நாட்டுச் சிப்பாய்கள்தான். வண்டியும் மாடும் ஓட்டினது நம்ம ஜனம்தான். ஹைதர் பக்கமும் அப்படித்தான். இரண்டு பக்கத்துக்கும் நடுவுல எரிஞ்சது எங்க சீமையோட பயிர். அதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்துல ஊர்களே காலியாச்சு.

அப்புறம் துப்பாக்கி நம்ம கையிலேர்ந்து போச்சு. 1878 ஆயுதச் சட்டம் வந்ததும் லைசென்ஸ் இல்லாம எந்த ஆயுதமும் வெச்சுக்கக் கூடாதுன்னு ஆச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் 1959-ல வந்த சட்டத்தோட 13-வது பிரிவு விவசாயிக்கு ஒரு சின்னக் கதவைத் திறந்து வெச்சிருக்கு. நிஜமாவே பயிர்ப் பாதுகாப்புக்குன்னா வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேக்கலாம். தாத்தா வெச்சிருந்தது அந்த வகை. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், முடிஞ்சதும் வாங்கிக்கணும். 1972-ல வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு வெறும் சத்தத்துக்குத்தான் சுட்டார். அவருக்கப்புறம் அப்பா ஒப்படைச்சிட்டார், திரும்ப வாங்கலை. கொம்பு மட்டும் பரண்ல கிடக்கு, காலியா.

இந்தக் கலையை எங்க பக்கம் கடைசி வரைக்கும் கையில வெச்சிருந்தவங்க நரிக்குறவர்கள், எங்க வாய்ல குருவிக்காரங்க. தை அறுப்பு முடிஞ்சதும் கொக்கு, காடை தேடி வருவாங்க. நான் சின்னப் பையனா இருந்தப்ப ஒரு பெரியவர் வரப்புல உட்கார்ந்து மருந்து கெட்டிக்கிறதைக் கிட்டக்கப் பார்க்கப் போனேன். கையால தடுத்தார். "காத்து எந்தப் பக்கம் அடிக்குது பாரு சாமி. அந்தப் பக்கமாப் போய் நில்லு." குப்பியை மூடி முதுகுப் பக்கம் தள்ளினப்புறம்தான் கேப்பை எடுத்தார். தாத்தா பண்ற மாதிரியே. படிப்பு இல்லாத இரண்டு பேர், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கத்துக்கிட்டதும் இல்ல. இப்ப மாமல்லபுரத்துல உங்களுக்குப் பாசிமணி விக்கிறவங்க அந்த வம்சம்தான். பக்கத்துல பூஞ்சேரியில குடியிருக்காங்க. 2023-ல பழங்குடிப் பட்டியல்ல சேர்ந்தாங்க.

இதெல்லாம் இப்ப எதுக்கு எழுதறேன்னா, மருந்து திரும்ப எங்க ஊர்க் கொல்லைக்கு வந்துடுச்சு. துப்பாக்கியா இல்ல, அவுட்டுக்காயா. தீனிக்குள்ள வெடியை மறைச்சு, பன்னி கடிச்சா வாய் சிதறட்டும்னு வரப்போரம் வெச்சிட்டு வர்றது. சட்டப்படி குத்தம். போன ஐப்பசியில எங்க தெருப் பசு ஒண்ணு அதைக் கடிச்சிடுச்சு. கீழ்த்தாடை இல்ல. மூணு நாள் தண்ணி குடிக்கப் பார்த்து, குடிக்க முடியாம நின்னுச்சு. அது நின்ன இடத்துக்குப் பக்கத்துலதான் பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. யார் வெச்சதுன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் வாயைத் திறக்கலை.

பன்னித் தொல்லை பொய் இல்லீங்க. ஒரு ராத்திரியில அரை ஏக்கர் மல்லாட்டையைக் கிளறிப் போட்டுடும். 2025 ஜனவரியில அரசாங்கம் ஒரு முறை அறிவிச்சது. காப்புக்காட்டிலேர்ந்து 1 கி.மீ. வரைக்கும் சுடக்கூடாது, 1-லேர்ந்து 3 கி.மீ. வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும், அதுக்கு அப்பால வனத்துறை ஆட்களே சுடலாம். மனு குடுத்துக் காத்திருக்கோம். அதுவரைக்கும் ராத்திரி காவல்தான்.

இந்த வருஷம் விதைக்கிறப்ப பங்காளி ஒருத்தர் வந்து மெதுவா கேட்டார். "தம்பி, நாலு காய் வாங்கி நம்ம இரண்டு கொல்லை ஓரமும் வெச்சிடலாமா? பாதிக் காசு நான் தர்றேன்."

நான் பரண்லேர்ந்து கொம்பை எடுத்துக் காட்டினேன். "அண்ணே, தாத்தா இதைத் தோள்ல இருந்து இறக்கினதே கிடையாது. மருந்து இருக்கிற இடத்துல அவரும் இருப்பார். நீங்க சொல்றது மருந்தை வெச்சிட்டு நாம வீட்டுல தூங்கறது."

அவர் கொம்பை வாங்கி மோந்து பார்த்தார். "இன்னும் வாசனை வருதே"ன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசலை. "சரி, காவலுக்கு முறை போட்டுக்கலாம். நீ திங்கள், நான் செவ்வாய்"ன்னுட்டு எழுந்து போனார்.

பையன் கொம்பை எடுத்துக்கிட்டான். இப்ப அதுக்குள்ள பென்சில் இருக்கு.

இன்னைக்குத் திங்கக்கிழமை. டார்ச்சுக்கு பேட்டரி மாத்திட்டுக் கொல்லைக்குக் கிளம்பறேன். புள்ளலூர் போனவங்க யாராவது இருந்தா, அங்க வயசானவங்க அந்தச் சண்டையைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு எனக்கு எழுதுங்க.